அசையாமல் படுத்தால் ரொபி

கரவெட்டிக்கு நான் வேலைக்குப் போகிற மினிபஸ்ஸுக்குப் போன கிழமை புது இருக்கையுறை போட்டிருக்கிறார்கள். கடும் நீல றெக்சின். வெயிலில் நின்ற பஸ்ஸுக்குள் காலை வைத்ததும் அந்த மணம் மூக்கில் அடித்தது. புதுச் சப்பாத்தையும் மண்ணெண்ணெயையும் ஒன்றாக மணந்து பார்த்தால் எப்படியிருக்குமோ, அப்படி. மற்றவர்கள் புதுச் சீற்றைத் தடவிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக இருந்தார்கள். நான் நெல்லியடி வரைக்கும் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். கொண்டக்டர் இரண்டு தரம் என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணை, சீற் வெறுமையாத்தானே கிடக்கு. ஒட்டிப்பிடிக்குமெண்டு பயமோ?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஒட்டும்தான். வேர்த்த முதுகில் அந்த றெக்சின் எப்படி ஒட்டும் என்று அந்தப் பஸ்ஸில் என்னைவிடத் தெரிந்தவர் எவருமில்லை. பன்னிரண்டு பிள்ளைகளை அதில் படுக்கவைத்தவன் நான்.

உடுவிலில் எங்கள் வீட்டின் முன்பக்கத்தில் ஒரு நீண்ட ஹோல் இருக்கிறது. வீட்டுத்திட்டத்தில் கட்டியது. அறைகளாகப் பிரிக்கக் கல்லும் சீமெந்தும் போதாமல் போனதால் பிரிக்காமலே விட்டுவிட்டோம். அந்த ஹோலில்தான் வசந்தி அக்கா ஊர்ப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொண்டாள். மருதனார்மடத்துக் கந்தோர்களிலும் பள்ளிக்கூடங்களிலும் வேலை செய்கிற தாய்மார் காலையில் கொண்டுவந்து விடுவார்கள். நாலரைக்குப் பிறகு வந்து கூட்டிக்கொண்டு போவார்கள்.

அக்கா எனக்குப் பதின்மூன்று வயது மூத்தவள். இடப்பெயர்வில் அறுந்த படிப்பை அவள் பிறகு முடிக்கவில்லை. அப்பா மருதனார்மடம் சந்தையில் மூட்டை சுமந்தார். அம்மா வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போனார். நான் அக்காவின் இடுப்பில் வளர்ந்தேன். அந்த வீட்டில் முதல் படித்தவன் நான்தான் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். என்னைத் தூக்கிவைத்திருந்த கையில் புத்தகம் வைக்க இடமிருக்கவில்லை என்பதை எவரும் சேர்த்துச் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு, நான் பட்டத்தை முடித்துவிட்டு நியமனக் கடிதத்துக்காகக் காத்துக்கொண்டு வீட்டில் இருந்த காலம் அது. பிள்ளைகள் என்னை மாமா என்று கூப்பிடுவார்கள். மூக்குத் துடைப்பது, சண்டை தீர்ப்பது, "மாமா, கவின் என்ரை நிழலை மிதிச்சுப்போட்டான்" என்ற மாதிரி வழக்குகளை விசாரிப்பது என்று என் பட்டப்படிப்பு நன்றாகவே பயன்பட்டது.

மத்தியானம் சோறும் பருப்பும் தீத்தி முடிந்ததும் அக்கா புல்லில் பின்னின இரண்டு பெரிய பன்பாய்களைப் பக்கம்பக்கமாக விரிப்பாள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஏதாவது ஒன்றை இழுத்துக்கொண்டு வந்திருக்கும். தாயின் பழைய சேலைத் துண்டு, தகப்பனின் சாரம், தலையணையில்லாத வெறும் தலையணையுறை. அதுகளோடு பாயில் விழுவார்கள். படுப்பதென்று சொல்ல முடியாது. சுளகிலிருந்து கொட்டின புளியங்கொட்டை மாதிரிக் கிடப்பார்கள். ஒருவனின் கால் மற்றவனின் கழுத்தில், ஒருத்தியின் கை இன்னொருத்தியின் வாய்க்குள். நடுவில் அக்கா. அவள் வயிற்றில் எப்போதும் யாருடையதோ ஒரு கால் கிடக்கும். பத்து நிமிடத்தில் ஹோல் முழுக்க மூச்சுச் சத்தம்.

பதிவு செய்வதற்காக ஓர் உத்தியோகத்தர் வந்து பார்த்தார். நல்ல மனுசி. பிள்ளைகளுக்கு இனிப்புக்கூடக் கொண்டுவந்தார். "எல்லாம் திருப்தி. படுக்கை மட்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியா வேணும். பேன், சிரங்கு ஒண்டிலையிருந்து மற்றதுக்குத் தொத்தும்தானே" என்றார். பாயோ கட்டிலோ மெத்தையோ, அது உங்கள் விருப்பம் என்று சொல்லிவிட்டுப் போனார். பதிவு கிடைத்தால் கேற்றில் பெயர் எழுதின போட் ஒன்று மாட்டலாம். அக்காவுக்கு அந்தப் போட் வேண்டும். தன் பெயர் எழுதப்பட்ட எதுவும் அதுவரை அவளிடம் இருக்கவில்லை, அடையாள அட்டையைத் தவிர. "வசந்தி எண்டு பெரிசா எழுதுவியோ? ரோட்டிலை போறவைக்குத் தெரியிற மாதிரி?" என்று அன்றிரவு கேட்டாள்.

படுக்கையைத் தெரிவுசெய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. வேறு யாரிடம் வரும்? படித்தவன் அல்லவா.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எனக்கு அந்தப் பன்பாய்களைக் கண்டால் வெட்கம். நாங்களும் ஓர் அறையில் நாலு பேர் ஒரே பாயில் படுத்து எழும்பினவர்கள். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஒருவனின் வீட்டுக்கு ஒருநாள் போனபோது, அவனுக்கென்று ஒரு கட்டிலும் அதில் அவனுக்கென்று ஒரு போர்வையும் இருந்ததைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் ஒருவரோடும் கதைக்காமல் இருந்தேன். பல்கலைக்கழக விடுதியில் எனக்கென்று ஓர் இரும்புக் கட்டில் கிடைத்தபோது, வாழ்க்கையில் ஓர் இடத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்தக் கட்டிலில் முதல் கிழமை முழுக்க எனக்கு நித்திரை வரவில்லை என்பதை வசதியாக மறந்துபோனேன்.

ஆகவே வெறியோடு இறங்கினேன். கொப்பியில் கோடு போட்டு அட்டவணை கீறினேன். தொலைபேசியில் எங்கெங்கேயோ நாடுகளின் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களைப் பார்த்தேன். அங்கே பிள்ளைகள் வரிசையாக, ஒரே நிறத்தில், ஒரே இடைவெளியில் படுத்திருந்தார்கள். எனக்கு அது சொர்க்கமாகத் தெரிந்தது. முதலில் மடிக்கிற சாக்குக்கட்டில் ஒன்றை ஒருவரிடம் இரவல் வாங்கிவந்து சோதனை செய்தேன். பாரம் தாங்குமா என்று பார்க்க நானே ஏறிப் படுத்தேன். அது கால்மாட்டிலும் தலைமாட்டிலும் ஒரே நேரத்தில் மடிந்து என்னை நடுவில் விழுங்கியது. பிள்ளைகள் கைதட்டி, "மாமா, இன்னொருக்கா! இன்னொருக்கா!" என்றார்கள். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அவள் அப்படிச் சிரித்ததை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. கட்டில் அட்டவணையில் வெட்டுப்பட்டது. பிளாஸ்ரிக் பாய் வழுக்கும் என்று அதையும் வெட்டினேன். மிஞ்சியது றெக்சின் போட்ட மெல்லிய ஃபோம் மெத்தை.

குசன் வேலை செய்கிற கடையில் அளவைக் கொடுத்தபோது முதலாளி கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "தம்பிக்குக் கலியாணம் ஆச்சோ?"

"இல்லை அண்ணை."

"பிறகென்னத்துக்குப் பன்னிரண்டு?"

அந்தப் பகிடியை வீட்டில் வந்து சொன்னேன். அக்கா ரசித்தாள். ஆனால் றெக்சின் வெயில் நேரத்தில் ஒட்டும் என்று அவளுக்குத் தொட்ட உடனேயே தெரிந்துவிட்டது. அதற்கும் என்னிடம் தீர்வு இருந்தது. மெத்தையில் ஒரு விரிப்பு, நுளம்பு கடிக்காமல் மேலே ஒரு போர்வை. இரண்டும் வெள்ளை.

"வெள்ளையெண்டா ஊத்தை உடனை தெரியுமடா. பூப்போட்ட சீத்தைத் துணியிலை எடுப்பமே? பிள்ளையளுக்கும் விருப்பமா இருக்கும்."

"தெரியத்தான் வேணும் அக்கா. தெரிஞ்சாத்தானே தோய்க்கலாம். ஆஸ்பத்திரியிலை பூப்போட்ட சீத்தையே விரிக்கினம்?"

"அது ஆஸ்பத்திரி..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். துணியை மேசையில் வைத்தாள். பிறகு, "சரி. நீ படிச்சனி" என்றாள். அன்றிரவே தன் தையல் மெசினில் தைக்கத் தொடங்கினாள்.

எங்கள் ஹோல் கிழக்கு மேற்காக நீளம். அகலவாட்டில் விரித்தால்தான் பன்னிரண்டு மெத்தையும் ஒரே வரிசையில் அடங்கும். தெற்கே ஜன்னல், அந்தப் பக்கம் தலை வைத்தால் வெயில் முகத்தில் விழும். ஆகவே தலையெல்லாம் வடக்கே. நான் புவியியலில் பட்டம் எடுத்தவன். வடக்கு எதுவென்று எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்துதான் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை முழம் விட்டு, நூல் பிடித்து, தரையில் சோக்கால் அடையாளம் போட்டேன். வீட்டுச் சேலைத் துண்டுகளையும் சாரங்களையும் பையில் போட்டு, இனிக் கொண்டுவரத் தேவையில்லை என்று தாய்மாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

முதல்நாள் ஒரு பிள்ளையும் படுக்கவில்லை. எழும்பி அடுத்த மெத்தைக்குப் போனார்கள். ஒன்று அழுதது, அதைப் பார்த்து மற்றது அழுதது. அக்கா நடுவில் படுக்கப் போனாள். வேண்டாம் என்று தடுத்தேன், பழக்கக்கூடாது என்று. அப்போதுதான் எனக்கு அந்த விளையாட்டுத் தோன்றியது.

"எல்லாரும் ஆமை! ஓட்டுக்குள்ளை தலையை இழுங்கோ. ஆர் அசையாமல் படுக்கினமோ, அவைக்கு இனிப்பு ரொபி."

பன்னிரண்டு வெள்ளைப் போர்வைகளும் தலைக்கு மேலால் இழுபட்டன. ஹோல் திடீரென்று அமைதியானது. ஏழாவது போர்வைக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது. ஆரபி. மூன்று வயது. எதையும் விதிப்படி செய்கிற பிள்ளை.

"மாமா, மூச்சு விடலாமோ?"

"மெதுவா விடலாம்."

அக்கா குசினி வாசலில் நின்றாள். நான் மேற்குச் சுவரோடு கதிரையைப் போட்டு ஏறி, வரிசை முழுவதும் விழும்படி ஒரு படம் எடுத்தேன். நல்ல படம். வெளிச்சம் அளவாக இருந்தது. தாய்மாரின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே எழுதினேன்: 'எல்லாரும் நல்ல நித்திரை.'

வழக்கமாக நான் ஒரு படம் போட்டால் இதயமும் பூவுமாக வந்து விழும். அன்றைக்கு எல்லாரும் பார்த்துவிட்டார்கள் என்று காட்டியது, ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. வேலையாக இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

கால்மணி நேரத்தில் கேற்றடியில் ஸ்கூட்டி ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. நிறுத்திய சத்தமில்லை, விழுந்த சத்தம். ஆரபியின் தாய் சுகந்தி உள்ளே வந்தார். தலையில் ஹெல்மெற். காலில் செருப்பு. செருப்போடு ஒருவரும் எங்கள் ஹோலுக்குள் வந்ததில்லை. அக்கா காலையும் மாலையும் கூட்டித் துடைத்து வைத்திருக்கிற நிலம். எனக்குச் சுள்ளென்றது.

அவர் நேரே வரிசையின் தொடக்கத்துக்குப் போனார். முதலாவது போர்வையின் தலைப்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். மறுபடி மூடினார். இரண்டாவதைத் தூக்கினார், பார்த்தார், மூடினார். மூன்றாவதற்குள் கவின் கிடந்தான். "அன்ரி, நான் அசையேல்லை" என்றான். அவருக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. அவன் முகத்தையும் மூடிவிட்டு அடுத்ததுக்குப் போனார். அவசரமில்லாமல், ஒன்றையும் தவறவிடாமல், நன்றாகத் தெரிந்த ஒரு வேலையைச் செய்கிற மாதிரிச் செய்தார்.

ஏழாவது போர்வையைத் தூக்கினார். ஆரபி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அவளுக்கு வெல்ல வேண்டும். "ஆரபி" என்றார் தாய். அவள் அசையவில்லை. "ஆரபி! ஆரபி!" தோளைப் பிடித்து உலுக்கினார். பிள்ளை ஒரு கண்ணை மட்டும் திறந்து, "போங்கோ அம்மா, குழப்பிப்போட்டியள்" என்றாள்.

சுகந்தி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சுகந்தியக்கா, மற்றப் பிள்ளையள் எழும்பப் போகினம். கொஞ்சம் மெதுவா..." என்று சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பிக்கு எத்தினை வயசு?"

சொன்னேன். தலையை ஆட்டினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பிள்ளை பார்க்கிற வேலையில் எனக்கு அனுபவம் போதாது என்றுதான் கேட்டார் என்று எடுத்துக்கொண்டேன். பின்னேரம்வரை அந்தக் கோபம் இருந்தது.

நாலரைக்குக் கவினின் தாய் வந்தார். பள்ளிக்கூட ரீச்சர். வாசலில் நின்றபடி, என் முகத்தைப் பார்க்காமல், "தம்பி, பிள்ளையளை வடக்கை தலை வைச்சுக் கிடத்தியிருக்கிறியள். உது கூடாது" என்றார். எனக்கு நிம்மதியாகப் போய்விட்டது. இவ்வளவுதானா! அவருக்குப் பூமியின் காந்தப்புலத்தைப் பற்றி ஐந்து நிமிடம் விளக்கினேன். பிறகு, உங்கள் விருப்பப்படியே மாற்றிவிடுகிறேன் என்று பெருந்தன்மையாகச் சொன்னேன். அன்றைக்கே மெத்தைகளைத் திருப்பிப்போட்டு, ஹோலின் வரைபடம் கீறி, வடக்கு எதுவென்று அம்புக்குறியும் போட்டுக் குழுவில் அனுப்பினேன். ஜன்னலுக்குத் திரையும் கட்டினேன்.

அடுத்தநாள் ஐந்து பிள்ளைகள்தான் வந்தார்கள். ஒன்றுக்குக் காய்ச்சல். ஒன்றின் மாமி கொழும்பிலிருந்து வந்து நிற்கிறா. ஒன்றின் தகப்பனுக்கு லீவு. மூன்றாம் நாள் இரண்டு. கிழமை முடிவில், என் வரைபடத்துக்குக் கீழே ஒவ்வொருவராகக் குழுவைவிட்டு வெளியேறினார்கள்.

அக்கா கிணற்றடியில் வெள்ளைத் துணிகளைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். தோய்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஊத்தை பிடிக்கவே இல்லை. நான் வாளியில் அள்ளிக் கொடுத்துக்கொண்டு, "தெற்கை மாத்தியாச்சு, இனியென்ன வேணுமாம் இவைக்கு?" என்றேன்.

"வடக்குமில்லை, தெற்குமில்லையடா" என்றாள் அக்கா. "அதுகள் வேறை என்னத்தைத்தான் உனக்குச் சொல்லுறது?"

நான் வாளியைப் பாதியில் நிறுத்தினேன்.

"சுகந்தி வன்னியிலை இருந்து வந்தவள். ஒருக்கா இப்பிடித்தான் தேடினவளாம், தன்ரை தம்பியை. ஒரு மண்டபத்துக்கை, ஒவ்வொரு வெள்ளைச் சீலையா விலத்தி. பதினோராவதாக் கிடந்தவனாம். மற்றத் தாய்மாருக்கும் ஆரோ இருந்திருப்பினம். இஞ்சை ஆருக்குத்தான் இல்லை?"

வாளிக் கயிறு என் கையில் இருந்தது. சண்டையின் அந்தக் கடைசி மாதங்களில் நான் ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஊரே ரேடியோவுக்குக் கிட்டக் குனிந்து நிற்க, அக்கா எனக்குக் கதவைச் சாத்திவிட்டு, "நீ படி, நீ படி" என்று சொன்னது நினைவு வந்தது. நான் படித்தேன். பாஸும் பண்ணினேன்.

"அக்காவுக்கு முன்னமே விளங்கினதோ?"

அவள் துணியைப் பிழிந்தாள். "தைக்கேக்கையே நெஞ்சுக்கை ஒரு மாதிரித்தான் இருந்தது. ஒருக்கா மெசினை நிப்பாட்டிப்போட்டு எழும்பினனான். பிறகு யோசிச்சன், நீ எல்லாம் வாசிச்சுப் பாத்துத்தானே செய்யிறாய். எனக்கென்ன தெரியும் எண்டு."

அவள் கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

பூப்போட்ட சீத்தை வாங்கிக்கொண்டு சுகந்தியின் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தார். துணியை விரித்துக் காட்டினேன். தொட்டுப் பார்த்து, நல்ல துணி என்றார். "கோவமெண்டு நினைக்காதேங்கோ தம்பி. நீங்கள் நல்லதுக்குத்தான் செய்தனீங்கள். எனக்கு அந்த ஹோலுக்கை இனிக் கால் வைக்க ஏலாது. வசந்தியக்காவிலை ஒரு குறையுமில்லையெண்டு சொல்லுங்கோ." துணியை மடித்து எடுத்தேன். எழும்பும்போது ஆரபி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"மாமா, நான் அண்டைக்கு அசையேல்லை. அம்மாதான் அசைச்சவ. என்ரை ரொபி?"

பொக்கற்றுக்குள் கையை விட்டேன். அளவு நாடாதான் இருந்தது. "நாளைக்குக் கொண்டுவாறன்" என்றேன். அந்த வீட்டுப் படலையை இன்னொருதரம் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை. அடுத்த வருஷம் அவர்கள் கனடாவுக்குப் போய்விட்டார்கள்.

பதிவுக் கடிதம் எல்லாம் முடிந்தபிறகு வந்தது. போட்டையும் நான் எழுதி வைத்திருந்தேன், 'வசந்தி' என்று ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி. அது இன்னும் எங்கள் வீட்டில், எழுத்து சுவரைப் பார்த்தபடி, சாத்திக் கிடக்கிறது. மெத்தைகளைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். ஒன்றில் சந்தியிலுள்ள ரயர்க் கடைக்காரர் மத்தியானம் படுக்கிறார். வெள்ளைத் துணிகளை மட்டும் அக்கா ஒருவருக்கும் கொடுக்கவில்லை, வீட்டில் பாவிக்கவுமில்லை. எங்கே வைத்திருக்கிறாள் என்று நான் கேட்டதில்லை. இப்போது அவள் நாலு வீடு தள்ளி, பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கிற, படுக்கையில் விழுந்துவிட்ட ஒரு மனுசியைப் பகலில் பார்த்துக்கொள்கிறாள். புரட்டிப் போடுவது, துடைப்பது, தீத்துவது. எனக்கு நியமனம் கிடைத்த அன்று அந்த வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கையைக் கழுவிவிட்டு வந்து கடிதத்தை வாங்கி, எழுத்துக்கூட்டி என் பெயரை வாசித்தாள்.

மத்தியான நேரங்களில் எங்கள் ஹோலில் இப்போது ஒரு சத்தமுமில்லை. தரையில் நான் போட்ட சோக்கு அடையாளங்கள் எத்தனையோ தரம் கழுவியும் மங்கலாகத் தெரிகின்றன. அந்தப் படத்தை, கிணற்றடியில் அக்கா சொன்ன அன்றைக்கே, என் தொலைபேசியில் அழித்துவிட்டேன். ஆனால் பன்னிரண்டு தாய்மாரின் தொலைபேசிகளுக்கும் அதை அனுப்பியவன் நான்.

போன ஞாயிற்றுக்கிழமை, பஸ்ஸில் வந்த அந்த மணம் மனதைவிட்டுப் போகாமல், பழைய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். பிள்ளைகள் சாப்பிடுகிற படம் இருக்கிறது. தேவாரம் பாடுகிற படம் இருக்கிறது. சாக்குக்கட்டில் என்னை விழுங்கிய படம்கூட இருக்கிறது, அக்கா எடுத்தது, கையசைந்து கலங்கிப்போய். இரண்டு பன்பாய்களில், ஒருவர் மேல் ஒருவர் காலைப் போட்டுக்கொண்டு, நடுவில் அக்காவோடு அவர்கள் படுத்த படம் ஒன்றுகூட இல்லை. வெட்கத்தில் நான் அதை எடுக்கவேயில்லை.